‘வயது போய்விட்டது’ என்னும் பொய்

பொரளைச் சந்தியில் நின்று நாற்றிசையும் நோக்குங்கள். ஒரு பக்கம் கின்சி வீதி. 1870இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியின் வழிவந்த கொழும்பு மருத்துவ பீடம் அங்கே நிற்கிறது. அதன் அயலில், நாம் ‘பெரியாஸ்பத்திரி’ என்றழைக்கும் தேசிய வைத்தியசாலை. சிறிது தூரத்தில் சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை. பேஸ்லைன் வீதிப் பக்கமாக மருத்துவ ஆராய்ச்சி நிலையம். மற்றொரு பக்கம் திரும்பினால் கனத்தை மயானம். இந்நாட்டின் மருத்துவ அறிவு முழுவதும் திரண்டிருக்கும் இடமும், இந்நகரின் பிணங்கள் சென்றடையும் இடமும் ஒரே சந்தியிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் இருக்கின்றன.

ஒரு மனிதர் இவ்விரண்டில் எத்திசை நோக்கிப் போவார் என்பதை ஊழ் தீர்மானிக்கிறது என்று பழமைவாதி சொல்வான். நான் அதனை ஏற்கவில்லை. அவர் எப்போது புறப்பட்டார் என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. உரிய வேளையில் புறப்பட இச்சமுதாயம் யாரை விடுகிறது, யாரைத் தடுக்கிறது என்பதே அதனினும் பெரிய கேள்வி. ஆஸ்பத்திரி வாசலில் வசித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போகாமல் அழிந்தவர்களை நான் அறிவேன். அவர்களைத் தடுத்தது தூரமன்று. மூன்று சொற்கள் தடுத்தன: ‘வயது’, ‘யோசனை’, ‘வாயு’.

நாற்பதைக் கடந்த ஒரு பெண்ணுக்குப் படியேறும்போது மூச்சு வாங்குகிறது. இரவிலே நெஞ்சு படபடக்கிறது. உடனே சுற்றியிருப்போர் தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். “வயது போய்விட்டது” என்கிறார் கணவர். “யோசனை கூடிப்போச்சு” என்கிறாள் தமக்கை. “வாயுதான், உள்ளியை அவித்துக் குடி” என்கிறார் மாமியார். “மாதவிடாய் நிற்கிற காலம், அப்படித்தான்” என்கிறாள் அயல்வீட்டுக்காரி. நாடியைப் பிடித்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றுவதில்லை. நீதிமன்றத்திலே கூடச் சாட்சி விசாரித்த பின்னர்தான் தீர்ப்பு வழங்குவார்கள். பெண்ணின் உடம்பு விடயத்தில் மட்டும் தீர்ப்பு முன்னே வருகிறது, விசாரணை பிரேத பரிசோதனையாகப் பின்னே வருகிறது.

இத்தீர்ப்பு வழங்கியவர்களுள் நானும் ஒருவன். ஆகையால் பிறரைக் குற்றஞ்சாட்டுமுன் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன்.

2019இல் எங்கள் பாடசாலையில் என்னோடு கற்பித்த மூத்த ஆசிரியை ஒருவர். அப்போது அவருக்கு வயது நாற்பத்தெட்டு. ஆசிரியர் அறை மூன்றாம் மாடியில் இருந்தது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவர் எப்பொழுதும் சற்று நேரம் நிற்பார். அங்கே ஓர் அறிவித்தற் பலகை உண்டு. அதனைப் படிப்பவர் போல நிற்பார். ஒரு தவணை முழுவதும் மாற்றப்படாத அறிவித்தலை ஒருவர் நாள்தோறும் ஏன் படிக்கவேண்டும் என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் அறிவு வரவில்லை.

“நெஞ்சு படபடக்குது தம்பி” என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்றவன் அல்லவா? “அகத்திணையிலே நெஞ்சோடு பேசுகிறவர்கள் கனபேர் இருக்கினம், ரீச்சர்” என்று பகிடி சொன்னேன். அறையே சிரித்தது. அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைக்கும்போது இன்றைக்கும் என் உடம்பு கூசுகிறது.

அவர் மருத்துவரிடம் போகாமலும் இருக்கவில்லை. பாடசாலை விட்டபின் ஒரு தனியார் டிஸ்பென்சரிக்குப் போனார். அங்கே நாடி பார்க்கப்படவில்லை. மார்பிலே குழாய் வைத்துக் கேட்கப்படவுமில்லை. “இந்த வயதிலே இப்படித்தான், யோசிக்காதேயுங்கோ” என்ற உபதேசமும், நித்திரைக் குளிசையும், விற்றமின் குளிசையும் கிடைத்தன. அவர் அவற்றை விழுங்கினார். எங்கள் பகிடிகளையும் விழுங்கினார். மூன்று மாதம் கழிந்து ஒரு நாட் காலை, பரீட்சை மண்டபத்தில் வினாத்தாள் பங்கிட்டுக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து தாள்கள் நழுவின. வாய் கோணியது, சொல் குழறியது, வலக்கை தொங்கிப்போயிற்று.

ஆஸ்பத்திரியில் விளக்கினார்கள். இருதயத்தின் இடப்புறத்து மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள ‘மைட்ரல்’ வால்வு நெடுங்காலமாகச் சுருங்கி வந்திருக்கிறது. வாசல் ஒடுங்கியதால் மேலறை விரிந்து, ஒழுங்கு தவறித் துடித்திருக்கிறது. அவர் ‘படபடப்பு’ என்று சொன்னது அதுதான். இரத்தம் சுவாசப்பையிலே தேங்கியிருக்கிறது. இரண்டாம் மாடித் திருப்பத்தின் மூச்சு வாங்கல் அதுதான். ஒழுங்கற்றுத் துடித்த மேலறையில் உறைந்த இரத்தக்கட்டி ஒன்று மூளைக்குப் போயிற்று. படபடத்த காலத்திலேயே ஓர் ஈ.சி.ஜி. எடுத்திருந்தால், மார்பிலே குழாய் வைத்து ஒருவர் காதுகொடுத்திருந்தால், இரத்தம் உறையாதிருக்க மருந்து கொடுத்திருக்கலாம். சுருங்கிய வால்வைப் பலூன் கொண்டு விரிக்கலாமா என்று பார்த்திருக்கலாம்.

“சிறுவயதிலே மூட்டுகள் வீங்கிக் காய்ச்சல் வந்ததுண்டா?” என்று டொக்டர் கேட்டார். வந்ததுண்டு. கொட்டாஞ்சேனையில் ஒரு முடுக்கிலே, ஒரே அறையில் ஏழு பேர் படுத்துறங்கிய காலத்தில், ஒன்பது வயதில் வந்தது. மாதந்தோறும் ஊசி போட்டார்கள். பன்னிரண்டாம் வயதில் ஊசி நின்றுபோயிற்று. ஏன் நின்றது என்பதைப் பின்னர் சொல்கிறேன். அவர் இன்றும் உயிரோடிருக்கிறார். வெண்கட்டி பிடித்த கை மட்டும் மீளவில்லை.

*

தமிழிலே ‘நெஞ்சு’ என்ற சொல் மார்பையும் குறிக்கும், மனத்தையும் குறிக்கும். இலக்கியத்துக்கு இது பெருஞ்செல்வம். நோயாளிக்கு இது பொறி. ஓர் ஆண் ‘நெஞ்சுக்குள்ளே ஏதோ செய்கிறது’ என்றால் நமக்கு மார்பு என்று கேட்கிறது. முச்சக்கர வண்டி பிடிக்க ஓடுகிறோம். அதே சொற்களைப் பெண் சொன்னால் மனம் என்று கேட்கிறது. ஆறுதல் சொல்லப் போகிறோம். சொல்லின் இருபொருளில் எப்பொருளைக் கொள்வது என்பதைச் சொல்பவர் தீர்மானிக்கவில்லை. கேட்பவரின் அதிகாரம் தீர்மானிக்கிறது.

சங்க அகப்பாடல்களில் வெறியாட்டு என்றொரு செய்தி வருவதைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். மகளின் மெலிவுக்குக் காரணம் அறியாத தாய், வேலனை அழைத்து முருகனுக்கு வெறியெடுப்பாள். மகளின் நோய் ஒன்று; வீடு செய்விக்கும் வைத்தியம் வேறொன்று. தோழிக்கு உண்மை தெரியும். ஆனால் அவள் சொல் அம்பலம் ஏறாது. அந்தத் தாயின் அறியாமையைக் கண்டு புன்முறுவல் பூத்துப் பரீட்சையில் விடை எழுதியவர்கள் நாம். இன்று நம் வீடுகளில் வேலன் பாமசிக் குளிசையோடு வருகிறான். ‘யோசனைக்கு ஒன்று, வாயுவுக்கு ஒன்று’ என்று கொடுத்துவிட்டுப் போகிறான். வெறியாட்டு முடியவில்லை, உடை மாற்றியிருக்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். படபடப்பெல்லாம் இருதய நோயா? அல்ல. நடுத்தர வயதிலே மாதவிடாய் ஓயும் காலத்தில் உடம்பு திடீரென்று சூடேறி நெஞ்சு அடித்துக்கொள்வது உண்மை; பெரும்பாலும் தீங்கற்றதும் உண்மை. உறக்கமின்மை, கடும் பிளேன்டீ, புகையிலை ஆகியவற்றாலும் படபடக்கும். இழுப்புக்குக் குடிக்கும் சில மருந்துகளாலும் படபடக்கும். அளவுகடந்த மாதப்போக்கினால் இரத்தச்சோகை கண்டவளுக்குப் படபடப்பும் மூச்சு வாங்கலும் ஒருங்கே வரும். அவளுக்குத் தேவை இரும்புச்சத்தும் கருப்பைப் பரிசோதனையும். தைரொயிட் சுரப்பி மிகையாகச் சுரந்தால் நெஞ்சு ஓடும், கை நடுங்கும், உடல் மெலியும். மனப்பதகளிப்பினாலும் நெஞ்சு படபடக்கும். அதுவும் நோயே, அதற்கும் வைத்தியம் உண்டு, அதிலே வெட்கப்படவும் ஒன்றுமில்லை. ஆனால் இவற்றுள் எது என்பதை யார் சொல்வது? மாமியாரா? ஆசிரியர் அறையா? நாடி, இரத்த அழுத்தம், ஈ.சி.ஜி., இரத்தப் பரிசோதனை ஆகியவை சொல்லவேண்டும். ‘யோசனை’ என்பது பரிசோதனைகளின் முடிவிலே வரக்கூடிய ஒரு விடை. அதனைத் தொடக்கத்திலேயே எழுதிவிட்டுக் கணக்கை மூடுவது எந்த மாணவனிடமும் நாம் பொறுக்காத பிழை.

ஆகையால் ஆசிரியர்களும் மாணவர்களும் அறிந்திருக்கவேண்டியதைத் தெளிவாகச் சொல்கிறேன்.

ஒரு கணமும் தாமதிக்கக்கூடாத நிலைகள் இவை. சும்மா இருக்கும்போதே மூச்சுத் திணறுதல். திடீரென்று மூச்சு முட்டுதல். படபடப்போடு மார்பு இறுகுதல், நோதல், அந்நோவு கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுதல், குளிர்ந்து வியர்த்தல். மயங்கி விழுதல், அல்லது விழப்போவதுபோல் கண் இருளுதல். மிக வேகமாகத் துடிக்கத் தொடங்கிய நெஞ்சு நில்லாமலே ஓடுதல். உதடு நீலம் பாய்தல். இருமும்போது இளஞ்சிவப்பு நுரை வருதல். ஒரு கால் மட்டும் வீங்கி நொந்து, பின் மூச்சு முட்டுதல். முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல். பெண்களுக்கும் சலரோகம் உள்ளோருக்கும் மாரடைப்பு, நெஞ்சுநோவே இல்லாமல், மூச்சு முட்டலாகவும் பெருங்களைப்பாகவும் குமட்டலாகவும் வருவதுண்டு என்பதைச் சிறப்பாக நினைவிற் கொள்க. இந்நிலைகளில் உள்ளியும் வேண்டாம், உபதேசமும் வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். 2016இல் இந்திய உதவியுடன் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018 முதல் ஏனைய மாகாணங்களுக்கும் விரிந்த ‘சுவசெரிய’ அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும்.

சில நாட்களுக்குள் மருத்துவரைக் காணவேண்டிய நிலைகள் வேறு. படபடப்பு மீண்டும் மீண்டும் வருதல். சில மாதங்களுக்கு முன் இலகுவாக ஏறிய படியில் இன்று நின்று ஏறுதல். ஒரு தலையணையில் உறங்கியவர் இரண்டு மூன்று வைத்து உறங்குதல். நள்ளிரவில் மூச்சு முட்டி எழுந்து யன்னலைத் திறத்தல். மாலையில் கணுக்கால் வீங்குதல். நாடி ஒழுங்கற்று அடித்தல். மாதப்போக்கு மிகுந்து முகம் வெளிறுதல். குடும்பத்திலே இளவயதில் திடீரென இறந்தவர் இருத்தல். பிறஷர், சலரோகம், சிறுவயது மூட்டுவாதக் காய்ச்சல் ஆகியவை முன்னரே இருத்தல். இவற்றுள் ஒன்று இருந்தாலும் ‘பார்ப்போம்’ என்று தள்ளிப்போடலாகாது.

பயந்தபோதோ உறக்கமில்லாதபோதோ ஓரிரு துடிப்புத் தவறியதுபோல் தோன்றி, சில விநாடிகளில் அடங்கிப்போவது பலருக்கும் வருவது. பிற தொல்லையில்லையெனில் அஞ்சவேண்டியதில்லை. அடுத்த தடவை கிளினிக்கிற்குப் போகும்போது சொன்னாற் போதும்.

இன்னுமொன்று. படபடப்பு அடங்கியபின் எடுக்கும் ஈ.சி.ஜி. சரியாகவே இருக்கலாம், அது சில விநாடிகளின் படம் மட்டுமே. ‘ஒன்றுமில்லை’ என்ற சொல்லோடு திரும்பிவிடாமல், எப்போது வந்தது, எவ்வளவு நேரம் நின்றது, என்ன செய்துகொண்டிருந்தபோது வந்தது என்பதை ஒரு கொப்பியில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டவேண்டும். வேண்டுமானால் ஒரு நாள் முழுவதும் பதிவுசெய்யும் கருவி இருக்கிறது. மணிக்கட்டில் கட்டைவிரற் பக்கமாக இருவிரல் வைத்து ஒரு நிமிடம் நாடியை எண்ணுதல் எட்டாம் வகுப்பு மாணவியாலும் இயலும். அமைதியாக இருக்கும்போது அறுபதுக்கும் நூறுக்கும் இடைப்பட்டு ஒழுங்காக அடிப்பதே வளர்ந்தோர்க்கு வழமை. யாப்பிலே சீரும் தளையும் எண்ணக் கற்பிக்கும் நாம், தளை தட்டும் நாடியை எண்ணக் கற்பிக்கக்கூடாதா?

*

இவ்வளவும் தெரிந்தாலும் அவள் போவாளா? பத்திரிகைகளின் சுகாதாரப் பகுதிகள் ‘உடனே மருத்துவரை அணுகுக’ என்ற வாக்கியத்தோடு முடிந்துவிடுகின்றன. நமது விவாதமோ அங்கேதான் தொடங்கவேண்டும்.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்து இறுதிக் குறள் மருத்துவத்துக்கு நான்கு கூறுகளைச் சொல்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து துணைசெய்பவர். நான்கும் இன்று பொரளையில் உண்டு. ஐந்தாவது ஒன்று இல்லாமையால் நான்கும் பயனற்றுப் போகின்றன. அது அரை நாள் ஓய்வு.

வெள்ளவத்தையிலே கடற்கரைப் பக்கமாகத் தொடர்மாடிகள் எழுந்து நிற்கின்றன. அவற்றில் மூன்று வீடுகளுக்குப் பெருக்கித் துடைத்துத் துணி துவைக்கும் அம்மாவை எண்ணிப் பாருங்கள். விடிந்தால் ஒரு வீடு, உச்சியில் ஒரு வீடு, மாலையில் ஒரு வீடு. லிப்ட் பழுதானால் வாளியோடு படியேறுகிறாள். 1954இன் கடை, காரியாலய ஊழியர் சட்டம் கடைச் சிப்பந்திக்கும் எழுதுவினைஞருக்கும் ஆண்டிலே ஏழு நாள் அமய லீவு தந்தது. வீட்டுவேலை செய்வோரை அது தன்னுள் அடக்கவில்லை. அவள் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும் காலைப்பொழுது, மூன்று வீட்டுக் கூலியையும் இழக்கும் காலைப்பொழுது. ‘ஆஸ்பத்திரி இலவசந்தானே’ என்கிறோம். சீட்டு இலவசம், நேரம் இலவசமன்று.

அவளுக்கு நேரம் கொடுக்கவேண்டியவர் யார்? முதலாளி எங்கோ இருக்கிறான் என்று தேடாதீர்கள். அவள் துடைக்கும் வீடுகளிற் சில நம்முடையவை. மேசையிலே மார்க்சும், புத்தகத் தட்டிலே முற்போக்கு ஏடுகளும், சமையலறையிலே லீவற்ற ஒரு பெண்ணும் இருக்கும் வீடுகள் அவை. ‘எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி’ என்று அவளைப் பற்றிச் சொல்வோம். பிள்ளைக்கு மூச்சு வாங்கினால் அன்றே டொக்டரிடம் கொண்டோடுவோம். அவளுக்கு மூச்சு வாங்கினால், ‘ஆறுதலாகச் செய்’ என்கிறோம். ஆறுதலாக எதனை? வேலையைத்தான்!

அடுத்த தடை மொழி. சிங்களத்தில் மார்புக்குப் ‘பப்புவ’ என்றும் மனத்துக்கு ‘ஹித்த’ என்றும் வெவ்வேறு சொற்கள். தமிழ்த் தாயின் ‘நெஞ்சு’ எப்பக்கம் மொழிபெயர்க்கப்படும்? மொழிபெயர்ப்பது யார்? பள்ளியை விட்டுவிட்டுத் தாயோடு வந்த நமது மாணவியே. மாதப்போக்கின் அளவைத் தாய் மகளிடம் சொல்ல, மகள் நாணி அதிற் பாதியை விழுங்கி, மீதியை அரைகுறைச் சிங்களத்தில் சொல்ல, அதிலிருந்து நோய் நிர்ணயம் பிறக்கவேண்டும். 1956இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் செய்தார்கள். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. அத்திருத்தம் கடிதத் தலைப்புகளிலும் பெயர்ப்பலகைகளிலும் அமர்ந்துவிட்டது. நோயாளியின் கட்டிலருகே அது வந்துசேர வேண்டும். மொழியுரிமை என்பதை மேடையின் உரிமையாகவே பேசிவந்திருக்கிறோம். மூச்சுத் திணறுபவளுக்கு அது உயிருரிமை.

மூன்றாவது தடை அச்சம். பொரளை என்ற பெயரைக் கேட்டாலே நெஞ்சு படபடக்கும் தலைமுறை ஒன்று நம்மிடையே இருக்கிறது. 1983 யூலை 24ஆந் திகதி இரவு, வன்முறை இந்தக் கனத்தை மயானத்திலிருந்துதான் பரவத் தொடங்கிற்று. மறுநாளும் 27ஆந் திகதியும் இதே பொரளையிலுள்ள வெலிக்கடைச் சிறைச்சாலையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். எங்கள் ஆசிரியைக்கு அப்போது பன்னிரண்டு வயது. மாதந்தோறும் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் ஊசி போடப் போன இடம் பொரளைதான். அந்த யூலைக்குப் பிறகு தாய் பொரளைப் பக்கம் போக அஞ்சினாள். ஊசி நின்றது. பிள்ளைக்கு வெளிப்படையாக ஒரு குறையும் இல்லை, காய்ச்சலும் இல்லை, மறந்துபோயிற்று. வால்வு மறக்கவில்லை. முப்பத்தாறு ஆண்டுகள் மெல்ல மெல்லச் சுருங்கிக்கொண்டே வந்தது. வரலாறு மனிதரின் உடம்பிலும் எழுதப்படுகிறது என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. அதனை வாசிக்க வேண்டிய நேரத்தில் நாங்கள் ‘வயது’ என்று வாசித்தோம்.

மூட்டுவாதக் காய்ச்சல் யாருடைய நோய்? தொண்டையிலே ஒருவகைக் கிருமி தொற்றுகிறது. சரிவர வைத்தியம் செய்யாவிட்டால் சில பிள்ளைகளுக்கு மூட்டையும் இருதயத்தையும் தாக்குகிறது. நெருங்கிப் படுக்கும் அறைகளில் அது வேகமாகப் பரவும். வனாத்தமுல்லைத் தோட்டங்களிலும் கொட்டாஞ்சேனை முடுக்குகளிலும் அதற்கு வசதி அதிகம். செல்வம் மிகுந்த நாடுகளில் வீடும் உணவும் மருந்தும் செம்மையுற, இந்நோய் பெருமளவு ஒழிந்தது; ஏழை நாடுகளில் நிலைத்தது. உலக சுகாதார சபையே 2018இல் இதனைக் குறித்துத் தனித் தீர்மானம் நிறைவேற்ற வேண்டியிருந்தது. தடுப்பதற்கு வேண்டியது மூன்று நான்கு வாரத்துக்கொரு முறை பல்லாண்டுகள் போடும் பெனிசிலின் ஊசி. விலை மலிந்த, பழைய மருந்து. ஒரு பெண்ணின் நாற்பத்தெட்டாம் வயதுப் படபடப்புக்கு வேர், அவளுடைய ஒன்பதாம் வயதுக் குடியிருப்பில் இருக்கிறது. இதனை ‘வயது’ என்பது, வீட்டுச் சொந்தக்காரனையும் நகரசபையையும் அரசையும் கூண்டிலிருந்து இறக்கிவிட்டு நாட்காட்டியைக் கூண்டில் ஏற்றுவதாகும்.

*

இலவச மருத்துவம் வானத்திலிருந்து விழவில்லை. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. 1934, 35 ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோய் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோயிற்று. சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தும் பருப்பும் சுமந்து கிராமங்களுக்குப் போனார்கள், டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் என். எம். பெரேராவும் அவர்களுள் இருந்தனர். வாக்குச்சீட்டுள்ள நோயாளியை அலட்சியம் செய்ய அரசியல்வாதியால் இயலாது போயிற்று. 1951இல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கட்டணம் நீங்கிற்று. எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தாலும் அதனைத் தொடர்ந்த சட்டங்களாலும் குடியுரிமையும் வாக்கும் இழந்த மலையக மக்களின் மருத்துவம், நெடுங்காலம் தோட்ட நிருவாகத்தின் தயவிலேயே விடப்பட்டது. வெள்ளவத்தை மாடிகளில் மூச்சு வாங்கும் அம்மாக்களில் பலர் அந்த மலைகளிலிருந்து இறங்கி வந்தவர்கள்.

1971இல் நிறுவப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதற்றலைவரான செனக பிபிலே கொழும்பு மருத்துவ பீடத்திலே மருந்தியல் கற்பித்தவர், சமசமாஜக் கட்சிக்காரர். வணிகப் பெயர்களின் மாயையை நீக்கி, மருந்தை அதன் பொதுப்பெயரால் வாங்கி, மலிந்த விலையில் மக்களுக்குக் கொடுக்கலாம் என்று செய்து காட்டினார். 2022இல் நாடு கடனைக் கட்டமுடியாதென்று அறிவித்த ஆண்டில் மருந்துத் தட்டுகள் வெறுமையானபோதுதான், அம்மனிதர் எதற்காகப் போராடினார் என்பது பலருக்கு விளங்கிற்று.

இந்த மரபுக்கு உரிமை கொண்டாடும் நாம் என்ன செய்கிறோம்? நமக்குள்ளே ஒரு நோய் உண்டு. உடம்பைப் பற்றிப் பேசுவது குட்டிமுதலாளித்துவக் கவலை என்ற நோய். நள்ளிரவுவரை கூட்டம், பிளேன்டீ, சிகரெட், மீண்டும் கூட்டம். நெஞ்சு படபடத்தால் அதனைப் புரட்சியின் முரசொலி என்று நினைத்துக்கொள்கிறோம். ஐம்பதில் விழுந்தவருக்கு இரங்கற் கூட்டம் வைத்து, ‘தன்னையே தேய்த்துக்கொண்டார்’ என்று புகழ்கிறோம். தேய்வதிலே என்ன புகழ்? தொழிலாளியைத் தேய்ப்பது குற்றமென்று முழங்குபவன், தன்னையும் தன் வீட்டுப் பெண்ணையும் தேய்ப்பதைத் தியாகம் என்பானா?

எதிர்முகாமின் நோய் வேறு. ‘நாள்தோறும் நடவுங்கள், மரக்கறி உண்ணுங்கள், கவலையை விடுங்கள்’ என்று சுவரொட்டி ஒட்டிவிட்டுப் பொறுப்பைத் தனிமனிதரின் தலையில் கட்டிவிடுவது அது. நடப்பது நல்லதே. ஆனால் மூன்று வீட்டுக்கும் நடக்கும் அம்மாவுக்கு நடைபற்றி உபதேசிக்க எவருக்கு வாய் வரும்? முப்பத்தைந்து வயதைக் கடந்த பெண்களுக்கென 1996 முதல் ‘சுவநாரி’ கிளினிக்குகள் இருக்கின்றன. நடுத்தர வயதினரின் பிறஷரையும் சீனியையும் பார்க்க 2011 முதல் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் இருக்கின்றன. நல்ல ஏற்பாடுகள். வேலை நேரத்தில் மட்டும் திறந்திருக்கும் கதவு, வேலைசெய்வோருக்கு மூடிய கதவே. அவை மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் திறக்கவேண்டும் என்று எந்தத் தொழிற்சங்கம் கேட்டது? நமது ஆசிரியர் சங்கம் கேட்டதா?

‘படபடப்பென்று எல்லாரும் போனால் வரிசை நீளுமே’ என்பர் சிலர். நீளட்டும். நீண்ட வரிசை அரசைக் கேள்வி கேட்கும். வீட்டுக்குள்ளே மௌனமாக விழுந்தவர்களுக்கு வரிசையே கிடையாது. ஆகையால் அவர்களைப் பற்றி ஒருவரும் கேள்வி கேட்பதில்லை.

நமது கோரிக்கைகள் வானத்து நட்சத்திரங்களல்ல. வீட்டுவேலையாளர் உட்பட உழைப்போர் அனைவருக்கும் சம்பளத்தோடு மருத்துவ லீவு. கிளினிக்குகளில் தமிழ் பேசும் ஊழியர். மாலைநேர மருத்துவம். ஆஸ்பத்திரிகளில் பெனிசிலின் தட்டுப்பாடின்மை. இவற்றைச் சங்கங்கள் கேட்கட்டும். சங்கம் கூடுமுன்னரே நாம் செய்யக்கூடியவையும் உண்டு. 1, 4, 7, 10ஆம் வகுப்புகளில் பாடசாலை மருத்துவப் பரிசோதனை நடக்கும் நாளை, பாடம் குழம்பும் நாள் என்று சலிக்காமல், மூட்டு வீங்கிய பிள்ளையையும் மூச்சு வாங்கும் பிள்ளையையும் மருத்துவரிடம் சுட்டிக்காட்டலாம். நாடி எண்ணக் கற்பிக்கலாம். நம் வீட்டிலே வேலைசெய்யும் அம்மாவுக்குக் கூலி குறையாமல் அரை நாள் கொடுத்து, கூடவே ஆஸ்பத்திரிக்கும் போகலாம்; குறள் சொன்ன நான்காவது கூறாக நிற்கலாம்.

எல்லாவற்றுக்கும் முதலாக, ஒரு வாக்கியத்தை நம் வாயிலிருந்து அகற்றலாம். படியின் திருப்பத்தில் ஒருவர் நின்று பழைய அறிவித்தலைப் படித்துக்கொண்டிருந்தால், ‘வயது போய்விட்டது’ என்று சொல்லிக் கடந்துபோகாதீர்கள். அருகே நில்லுங்கள். “எவ்வளவு நாளாக இப்படி, ரீச்சர்?” என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை நான் 2019இல் கேட்கவில்லை.